மாத்திரையைப் பாதியில் நிறுத்தியது யார்?

“நம்ம ஆளுகளுக்குப் பொறுப்பே இல்லீங்க. சர்க்கார் சும்மா குடுக்கற மாத்திரையைக்கூட ஒழுங்காத் திங்க மாட்டானுக. அப்புறம் இருமிக்கிட்டு வந்து நம்ம தலையில விழுவானுக!”

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி மானேஜர் நம்மிடம் திருவாய் மலர்ந்தருளிய வார்த்தைகள் இவை. அந்தக் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு டெய்லரை இனி வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்கச் சங்கத்திலிருந்து போனோம். டெய்லருக்குக் காசநோய். மருந்து ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில் அவரே அதை நிறுத்திவிட்டார். நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பளத்துக்கு வரிசையில் நிற்கும்போது ரத்தம் கக்கினார். அவ்வளவுதான், கணக்கை முடித்துவிட்டார்கள்.

மானேஜரின் வாயை அடைப்பது ஒரு பெரிய காரியமல்ல. ஆனால் இந்தப் பேச்சை அவர் மட்டுமா பேசுகிறார்? ஆஸ்பத்திரியில் பேசுகிறார்கள். மேடையில் பேசுகிறார்கள். வெட்கத்தோடு சொல்கிறோம், நம் தோழர்கள் சிலரும் பேசுகிறார்கள். மருந்தை இடையில் விட்டவருக்கு உலகம் முழுவதும் வைத்தியத் துறையினர் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? ‘டிஃபால்டர்’! பாங்கிக் கடனைக் கட்டாமல் ஏமாற்றியவனுக்குச் சொல்லும் அதே சொல். 2013-ல்தான் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ‘தொடர்பு விட்டுப்போனவர்’ என்று மாற்றியது. காகிதத்தில் மாறிவிட்டது. மானேஜர்களின் வாயில் மாறவில்லை.

அந்த டெய்லர் ஏன் நிறுத்தினார்? கம்பெனியில் யாரும் கேட்கவில்லை. நாம் அவருடைய லைன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டோம்.

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. எட்டரை மணிக்கு ஷிப்ட். பத்து மணிக்குள் குமட்டல். மெஷினை விட்டு எழுந்து இரண்டு தடவை வெளியே ஓடினால், கைமடிக்கும் பெண் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், அடுத்த மெஷினுக்குப் பீஸ் போகவில்லை, காண்டிராக்டர் முறைக்கிறார். மூன்றாம் நாள் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. “தோழர், ஒண்ணுக்குப் போனா ரத்தமாப் போகுதுங்க. யார்கிட்டச் சொல்றதுங்க?” பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். “அது சூட்டு மாத்திரை சாமி, குடலை அரிச்சுப்போடும், உட்டுரு” என்று அந்த அம்மா சொன்னார். பிறகு மூட்டுவலி. பிறகு ராத்திரியில் உள்ளங்காலில் எரிச்சல். நாள் முழுக்கப் பெடலை மிதிக்கிறவருக்குக் காலில் எரிச்சல் என்றால் எப்படியிருக்கும்?

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்கலாம் என்று இரண்டு தடவை அரை நாள் லீவு போட்டார். முதல் தடவை வரிசை நகரவில்லை. இரண்டாம் தடவை, “எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், நிறுத்தாமல் சாப்பிடு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு நிமிஷம் கூடப் பேசவில்லை. மூன்றாம் தடவை லீவு கேட்டபோது காண்டிராக்டர் நல்லபடியாகவே சொன்னாராம்: “நீ உடம்பைப் பாருப்பா, மெஷினுக்கு வேற ஆள் போட்டுக்கறேன்.” மாத்திரையா, மெஷினா என்று ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகளும் வாடகையும் உள்ள மனிதர் மெஷினைத் தேர்ந்தெடுத்தார்.

இதற்குப் பெயர் பொறுப்பின்மையா?

தோழர்களே, அவருக்கு வந்த உபாதைகள் எதுவும் ரகசியமானதல்ல. உலகத்தில் எல்லா டாக்டர்களுக்கும் தெரிந்தவை. கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினால் சொல்லிவிடலாம். அவருக்கு யாரும் சொல்லாததை நாம் இங்கே சொல்லுகிறோம், படித்துப் பக்கத்து மெஷின்காரருக்கும் சொல்லுங்கள்.

காசநோய்க்கு இப்போது கொடுப்பது முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து. எடைக்குத் தக்கபடி எண்ணிக்கை, ஒரே மாத்திரைக்குள் எல்லாம் சேர்ந்திருக்கும். அதில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து மூத்திரத்தைச் செம்மஞ்சளாக்கும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறும். அது ரத்தமல்ல, மருந்தின் சாயம். சாயப்பட்டறையில் வேலை செய்கிற நம் ஊர்க்காரனுக்கு இதைப் புரியவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பைரசினமைடு மூட்டுவலியைத் தரும், பெரும்பாலும் அது தாங்கக்கூடியதே, சாதாரண வலி மாத்திரையில் அடங்கும். குமட்டலுக்கு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் ஆகாரத்துக்குப் பின் சாப்பிடலாம், வேளையை மாற்றிக்கொள்ளலாம்.

கால் எரிச்சலைப் பற்றி ஒரு சேதி. அது ஐசோனியாசிட் என்ற மருந்தின் வேலை. நரம்புக்கு வேண்டிய பி6 வைட்டமினை அது குறைத்துவிடுகிறது. நல்ல சாப்பாடு இல்லாத உடம்பை அது முதலில் பிடிக்கும். இதை ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர்கள் நம் சென்னையில் இருந்த விஞ்ஞானிகள், 1960 வாக்கிலேயே! தடுப்பதற்கு வேண்டியது தினம் ஒரு பி6 மாத்திரை. விலை அற்பம். அந்த அற்ப மாத்திரை கைக்கு வராததால் ஒரு டெய்லரின் கால் எரிந்தது, காலெரிந்ததால் மருந்து நின்றது, மருந்து நின்றதால் நெஞ்சு புண்ணானது.

அசட்டையாக இருக்கக்கூடாத அடையாளங்களும் உண்டு. கண் மஞ்சளானால், சாப்பாடே வேண்டாமென்று வாந்தி நிற்காமல் போனால், அது ஈரலைத் தொட்டுவிட்டது என்று பொருள். அன்றே மாத்திரையை நிறுத்தி அன்றே டாக்டரிடம் போகவேண்டும், ஷிப்டு முடியட்டும் என்று இருக்கக்கூடாது. மருந்து சாப்பிடும் காலத்தில் சாராயம் கூடாது என்பது உபதேசமல்ல, இந்த ஈரலுக்காகத்தான். எதாம்புடால் என்ற மருந்து சிலருக்குக் கண்ணைப் பாதிக்கும். பார்வை மங்குவதோடு சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்ணுக்கும் நூல் கோன் மாற்றும் பையனுக்கும் இது மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்துவிடும். கலர் மாற்றிப் போட்டதற்கு சூபர்வைசர் திட்டினால், திட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், கண்ணைக் காட்டுங்கள். பெண் தோழர்களுக்கு இன்னொன்று: ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. நர்சிடம் கூச்சமில்லாமல் கேட்டு வேறு வழி செய்துகொள்ள வேண்டும்.

இவ்வளவுதான். இதைச் சொல்ல ஆளில்லை, அல்லது ஆளுக்கு நேரமில்லை. ஆனால் பழி மட்டும் தொழிலாளியின் தலையில்.

ஏழைக்கு ஒழுங்காக மருந்து சாப்பிடத் தெரியாது என்ற கட்டுக்கதையை நம் மண்ணிலேயே ஒரு தடவை உடைத்தாயிற்று. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஆரம்பமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை சர்க்காரும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்தினார்கள். அந்தக் காலத்தில் க்ஷயம் என்றாலே சானடோரியம். தாம்பரம், பெருந்துறை என்று காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் படுக்கை. படுக்கையோ சொற்பம், நோயாளிகளோ லட்சக்கணக்கு. சென்னை விஞ்ஞானிகள் 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. மறு பிரிவு தங்கள் குடிசையிலேயே, நெருக்கடியிலேயே, அரைவயிற்றோடு. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 சதம், வீட்டில் 86 சதம் தேறினார்கள். வித்தியாசம் சொற்பம்! வீட்டிலிருந்த நோயாளியால் அவர் குடும்பத்தாருக்கு அதிகமாக நோய் பரவவும் இல்லை. நோயாளியை வீட்டைக் காலிபண்ணச் சொல்லும் காம்பவுண்டு வீட்டுச் சொந்தக்காரர்களும், கம்பெனியை விட்டுத் துரத்தும் மானேஜர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும். சரியான மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் நோய் பரப்பும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பயப்பட வேண்டியது மருந்து சாப்பிடுகிறவரைக் கண்டு அல்ல.

உலகமெங்கும் இந்த ஆராய்ச்சிக்குப் பெயர் வந்தது. பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டன. நல்ல காரியம்தான். ஆனால் ஆள்கிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் என்ன? ‘படுக்கை வேண்டாம், சாப்பாடு வேண்டாம், மாத்திரை போதும்.’ மலிவாக உள்ள பாதியை எடுத்துக்கொண்டார்கள். சென்னையில் அந்த 86 சதம் எப்படி வந்தது? ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள். மருந்து உள்ளே போகிறதா என்று பார்த்தார்கள். உபாதை வந்தால் டாக்டர் கவனித்தார். அந்தப் பாதியை மறந்தே போனார்கள்.

சாப்பாட்டின் சங்கதியோ இன்னும் மோசம். மருந்து போதும், உணவு அவசியமில்லை என்று சென்னை ஆராய்ச்சியைக் காட்டி எத்தனை வருஷம் பேசினார்கள்! அதே சேத்துப்பட்டு நிலையம் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் இருக்கிறது. அது பங்கெடுத்த ஒரு ஆராய்ச்சி 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்தது. நோயாளியின் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, வைட்டமின் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் வந்தது, கொடுக்காத வீடுகளைவிடக் கிட்டத்தட்ட 40 சதம் குறைவு. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்கள் சாவது மிகவும் குறைந்தது. 2023-ல் இது பிரசுரமாயிற்று. அரிசியும் பருப்பும் இந்த நோய்க்கு மருந்துதான் என்று லான்செட் பத்திரிகையில் அச்சாகிவிட்டது! நம் பாட்டிமார்கள் பத்திரிகை படிக்காமலே சொன்னது.

இன்று சர்க்கார் கொடுப்பது என்ன? 2018 முதல் மாதம் 500 ரூபாய். 2024 நவம்பரில் 1000 ஆக்கினார்கள். நாளொன்றுக்கு 33 ரூபாய் சொச்சம். ஒரு டீயும் ஒரு பன்னும் போக மீதி என்ன வாங்கலாம்? வெறும் வயிற்றில் நாலு மருந்தும் இறங்கினால் குமட்டாமல் என்ன செய்யும்? குமட்டலை மருந்தின் கணக்கில் எழுதுகிறார்கள், பசியின் கணக்கில் பாதியை எழுதவேண்டும். தமிழ்நாட்டில் 2022-ல் ஆரம்பித்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியவர் யார் என்று பார்க்கும் அடையாளங்களில் ஒன்று உடல் மெலிவு. திட்டம் நல்லதுதான், அதை நாம் வரவேற்கிறோம். எலும்பும் தோலுமாக ஆனபின் சேர்த்துக்கொள்வதற்கு முன்னாலேயே சோறு போடுங்கள் என்பதுதான் நம் வாதம்.

இனி அந்த ‘டிஃபால்டர்’ என்ற சொல்லுக்கு வருவோம். 2024 மார்ச் 18-ந் தேதி மத்திய சுகாதார இலாகா மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. மருந்து வந்து சேரத் தாமதமாகிறது, மூன்று மாதத்துக்கு வேண்டியதை அங்கங்கே வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. பல மாநிலங்களில் நோயாளிகள் மாத்திரையில்லாமல் திரும்பினார்கள். ஒரு டெய்லர் மாத்திரையை விட்டால் பொறுப்பற்றவன். டில்லி சர்க்கார் விட்டால் ‘எதிர்பாராத காரணம்’! 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-ல் பிரதம மந்திரி மேடையில் சபதம் செய்தார். 2015-ல் லட்சம் பேருக்கு 237 பேர் என்றிருந்த புது நோய், 2024-ல் 187 ஆகியிருக்கிறது. குறைந்தது 21 சதம். குறைப்பதாகச் சொன்னது 80 சதம். குறைந்தவரைக்கும் சந்தோஷமே. ஆனால் சபதத்தைக் கட்டாதவருக்கு எந்தப் பெயர் வைப்பது?

பாதியில் நின்ற மருந்து உடம்பிலுள்ள கிருமிக்குப் பயிற்சி கொடுத்ததுபோல. அது பழைய மருந்துக்கு அடங்காத கிருமியாகிவிடும். அதற்கு வேறு மருந்து, வேறு உபாதை. முன்பு அவர்களுக்குக் கானமைசின் என்ற ஊசியை மாதக்கணக்கில் போட்டார்கள். பலருக்குக் காதே போய்விட்டது. பம்பாயில் பத்திரிகையாளரான நந்திதா வெங்கடேசன் என்ற பெண் 2013-ல் அப்படித்தான் செவியை இழந்தார். தென்னாப்பிரிக்காவில் பூமேசா திசிலே என்ற பெண்ணுக்கும் அதே கதி. காதைக் கெடுக்காத புது மருந்து, பெடாகுலின், 2012-லேயே வந்துவிட்டது. நம் நாட்டில் 2016-ல் ஆறு ஆஸ்பத்திரிகளில் மட்டும் கொடுத்தார்கள். பாட்னாவிலிருந்து டில்லிக்கு வந்த ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு, நீ டில்லிவாசி அல்ல என்று சொல்லி மறுத்தார்கள். தகப்பனார் ஹைகோர்ட் ஏறியபின்தான், 2017 ஜனவரியில், மருந்துக்கு வழி பிறந்தது. ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் தோழர்கள் இதைக் கவனிக்கட்டும்.

மருந்தின் உரிமையோ ஜான்சன் அண்டு ஜான்சன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கையில். 2023-ல் காப்புரிமை முடிகிறது என்றதும், அதே மருந்தின் உப்பு வடிவத்துக்கு இன்னொரு உரிமை கேட்டு 2027 வரை நீட்டப் பார்த்தது. செவியிழந்த அந்த இரண்டு பெண்களும் 2019-ல் எதிர்மனு போட்டார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் மனுவைத் தள்ளியது. தள்ளுவதற்குப் பயன்பட்டவற்றில் ஒன்று சட்டத்தின் 3(டி) பிரிவு. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதியதென்று காட்டி உரிமை கேட்பதைத் தடுக்கும் பிரிவு அது. 2005-ல் பார்லிமெண்டில் இடதுசாரிகள் மல்லுக்கட்டி அந்தச் சட்டத்தில் சேர்க்கவைத்த பாதுகாப்புகளில் ஒன்று. நம்மைப் பார்த்து ‘கொடி பிடிப்பதைத் தவிர என்ன செய்தீர்கள்’ என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அந்த வருஷமே உள்நாட்டுக் கம்பெனிகள் மருந்தைச் செய்ய வழி பிறந்தது. விலை பாதிக்கும் கீழே விழுந்தது.

2024 செப்டம்பரில், அடங்காத கிருமிக்கு ஆறே மாதத்தில் முடியும் புது மருந்துக் கூட்டை மத்திய சர்க்கார் அனுமதித்தது. முன்பு இருபது மாதம் வரை ஆகும். பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் இதிலும் உபாதை உண்டு. லைனசாலிட் என்ற மருந்து ரத்தத்தைக் குறைக்கும், காலை மரக்கச் செய்யும், கண்ணைத் தொடும். பெடாகுலினுக்கு இதயத் துடிப்பை இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். லைனசாலிட்டின் அளவைக் குறைத்துக் கொடுத்தால் போதுமா என்று சென்னை நிலையமே சோதித்திருக்கிறது. விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கும் இ.சி.ஜி.க்கும் ஒருவன் மாதத்தில் இரண்டு மூன்று நாள் போகவேண்டுமே, அந்த நாள் கூலியை யார் கொடுப்பது?

அங்கேதான் விஷயம் நிற்கிறது. இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்குக் காசநோய் வந்தால், உரிய சந்தாக் காலம் பூர்த்தியாகியிருந்தால், இரண்டு வருஷம் வரை கூலியில் 80 சதம் கிடைக்க வழியிருக்கிறது. திருப்பூரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்த டெய்லருக்குத் தெரியாது. தெரிந்தும் பயனில்லை, ஏனென்றால் அவர் ‘காண்டிராக்ட் ஆள்’, ஏழு வருஷம் மெஷின் ஓட்டியும் கம்பெனி ரிஜிஸ்தரில் அவர் பெயரே இல்லை. மானேஜர் பொறுப்பைப் பற்றிப் பேசினாரே, இது யாருடைய பொறுப்பு? தாராபுரத்துப் பக்கம் வெங்காயம் பிடுங்கும் தங்கச்சிக்கோ, பல்லடத்துப் பக்கம் கோழிப்பண்ணையில் கூலிக்கு நிற்கும் அண்ணனுக்கோ அந்தக் கார்டும் கிடையாது. அவர்களுக்குச் சிகிச்சை முடியும் வரை கூலி நஷ்டத்தைச் சர்க்கார் ஈடுசெய்ய வேண்டும். நோயாளி பார்க்கும் ஆஸ்பத்திரிப் பிரிவு இரவு எட்டரைக்குப் பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ வாரம் ஒருமுறையாவது திறந்திருக்க வேண்டும். பி6 மாத்திரை முதல் நாளே மருந்தோடு சேர்ந்து வரவேண்டும். ஒன்றரை ஷிப்ட் ஊரில், பகல் பன்னிரண்டு மணிக்கு மூடும் வரிசை யாருக்காக?

நம் சங்கங்களையும் சும்மா விடமுடியாது. 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது. கூலிக்கும் போனசுக்கும் கேட்டில் நின்று பேசுகிறோம். ஒரு தோழர் இருமினால், “ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த டெய்லர் சங்க உறுப்பினர். மூன்று வாரம் தனியாக வாந்தியெடுத்தார், தனியாகப் பயந்தார். அந்த மூன்று வாரத்தில் இரண்டு தடவை சந்தா வாங்க நாமே அவர் வீட்டுக்குப் போயிருக்கிறோம். உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை.

இப்போது அவர் மறுபடியும் மருந்து சாப்பிடுகிறார். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று சளியைச் சோதித்துப் பார்த்தபின் ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் வாரம் சங்கத் தோழர் ஒருவர் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனார். பி6 கேட்டு வாங்கினார்கள். மூத்திரம் மறுபடியும் சிவந்தது, இந்தத் தடவை அவர் பயப்படவில்லை, சிரித்தாராம். மெஷின் இன்னும் கிடைக்கவில்லை. கம்பெனி வாசலில் அதற்கான பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. மாத்திரையை விட்டுவிட்டு வெளியே சொல்லாமல் இருக்கும் தோழர்கள் ராத்திரி ஒன்பதுக்கு மேல் சங்க ஆபீசுக்கு வரலாம், நம்மில் ஒருவர் மறுநாள் காலை உங்களோடு வரிசையில் நிற்பார்.